குறுவை அறுவடைக்கு முன்பே விளக்குகளை மாற்றுங்கள்: காவிரிப் படுகை விடுதிக் காப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

காவிரிப் படுகை மாவட்டங்களில் அரசு மாணவர் விடுதிகளை நடத்திவரும் காப்பாளர்களுக்கும், அவ்விடுதிகளுக்குப் பொறுப்பான மாவட்ட நல அலுவலர்களுக்கும் வணக்கம்.

வயலை ஒட்டிய விடுதிகளில் மழைக்காலத்திலும் அறுவடையை ஒட்டியும் ஒரே வாரத்தில் நாலைந்து பிள்ளைகளுக்குக் கழுத்திலும் முகத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவந்த கோடுகள் தோன்றுவதுண்டு. அரிப்பைவிட எரிச்சலே அதிகம் இருக்கும். மறுநாள் அந்தக் கோட்டின்மேல் சிறு கொப்புளங்கள் எழும்; சில சீழ் கோத்ததுபோல் மஞ்சளாகவும் தெரியும். பல்லி எச்சம் என்பார் ஒருவர், சிலந்தி விஷம் என்பார் இன்னொருவர். அக்கி என்று முடிவுசெய்து காவி எழுதக் கூட்டிப்போகும் பெற்றோரும் உண்டு. தொற்றுநோய் என்று அஞ்சிப் பிள்ளையை ஊருக்கு அனுப்பிவைப்பதும் நடக்கிறது. இவற்றில் எதுவும் அந்தப் பிள்ளைக்கு உதவாது; அடுத்த பாயில் படுத்திருக்கும் பிள்ளையைக் காப்பதும் இல்லை.

இதற்குக் காரணம் ஒரு சிறு வண்டு. பெடரஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. நம் நெல்வயல்களில் இருப்பது பெரும்பாலும் பெடரஸ் ஃபஸ்கிப்பஸ். செய்தித்தாள்களில் ஆசிட் பூச்சி, நைரோபி ஈ என்றெல்லாம் வருவது இந்தக் குடும்பம்தான். ஆனால் இது ஈ அல்ல. நீளம் 7 முதல் 10 மில்லிமீட்டர், அகலம் ஒரு மில்லிமீட்டர் அளவே. முதல் பார்வைக்குப் பெரிய எறும்பு என்றே தோன்றும். தலை கறுப்பு, அதை அடுத்த பகுதி செம்மஞ்சள், நடுவில் நீலம் மின்னும் கறுப்பு, பிறகு மீண்டும் செம்மஞ்சள், வால்முனை கறுப்பு. கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் மறக்க மாட்டார்கள். வேகமாக ஓடும். சீண்டினால் வயிற்றின் நுனியைத் தேள்போல் மேலே தூக்கும். நடுவிலுள்ள குட்டையான நீலக் கறுப்பு மூடிக்குள் இறக்கைகளை மடித்து வைத்திருப்பதால் பறக்காது என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாகவே பறக்கும்.

இந்த வண்டு கடிப்பதில்லை, கொட்டுவதும் இல்லை. உடலுக்குள் ஓடும் திரவத்தில் பெடரின் என்ற நஞ்சு இருக்கிறது. வண்டு தோல்மேல் ஊர்ந்து போனால் பொதுவாக ஒன்றும் ஆகாது. கழுத்தில் ஏதோ ஊர்கிறதே என்று தட்டித் தேய்க்கும்போது உடல் நசுங்கி, நஞ்சு தோலில் இழுபடுகிறது. புண் கோடாக விழுவது அதனால்தான். விரல் போன வழியே புண்ணும் போகும். முழங்கை மடிப்பில் நசுங்கியிருந்தால் மடிப்பின் இருபுறமும் ஒன்றுக்கொன்று நேராக இரண்டு புண்கள் தோன்றும். வேறு தோல் நோய்களில் இது அரிது. இதைப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பெடரின் உடலணுக்கள் புரதம் செய்வதைத் தடுக்கும் நஞ்சு. 1953-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இதைப் பிரித்தெடுக்கச் சுமார் 2.5 கோடி வண்டுகளைச் சேகரிக்க வேண்டியிருந்தது. ஒரு வண்டில் இருப்பது அவ்வளவு நுண்ணிய அளவு, ஆனாலும் அதுவே போதுமானதாக இருக்கிறது. நஞ்சைச் செய்வது வண்டே அல்ல, அதனுள் வாழும் ஒரு பாக்டீரியா என்பதும் பின்னர் தெரியவந்தது. செத்துக் காய்ந்த வண்டிலும் நஞ்சு கெடுவதில்லை. காலையில் தரையில் கிடக்கும் செத்த வண்டுகளைக் கையால் பொறுக்கக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

நசுங்கிய நேரத்தில் வலி இருக்காது. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்தே சிவப்பும் எரிச்சலும் தொடங்கும். அதற்குள் பிள்ளைக்கு வண்டை நசுக்கியதே நினைவிருக்காது. பலருக்குத் தூக்கத்தில் நடந்திருக்கும். ஆகவே, பூச்சி எதையும் பார்க்கவில்லை என்று பிள்ளை சொல்வதால் இது வண்டு அல்ல என்று ஆகிவிடாது. அடுத்த ஓரிரு நாளில் கொப்புளம், பிறகு பொருக்கு. ஒரு வாரம் பத்து நாளில் பொருக்கு உதிரும். கரும்படலம் மட்டும் மாதக்கணக்கில் நிற்கலாம். பெரும்பாலும் தானே மறையும். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. கொப்புளத்து நீர் பட்டாலும் பரவாது. பிள்ளையை ஒதுக்கிவைக்கவோ வீட்டுக்கு அனுப்பவோ வேண்டியதில்லை. கழுவாத கையிலும் துண்டிலும் தலையணை உறையிலும் ஒட்டியிருக்கும் நஞ்சுதான் வேறு இடத்துக்குப் போகும்.

இனி இது ஏன் உங்கள் விடுதிக்கு வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். அது புரிந்தால் செய்ய வேண்டியவை தாமே விளங்கும்.

இந்த வண்டின் வீடு ஈரமான வயல். வரப்போரம், மட்கும் இலைதழை, தண்டுகளின் அடிப்பகுதி ஆகியவற்றில் வாழ்கிறது. நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சியின் குஞ்சுகள், பச்சைத் தத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழுவின் முட்டைகள் இதன் இரை. விவசாயிக்கு இது கூலி கேட்காத காவலாள். வயல் பச்சையாக நிற்கும் வரை பெரும்பாலும் வயலிலேயே இருக்கும். அறுவடை இயந்திரம் இறங்கும்போதும், அறுத்த நெல்தாளை மடக்கி உழும்போதும் ஒதுங்க இடமில்லாமல் கூட்டமாகப் பறக்கும். மலேசியாவில் பினாங்கின் பெருநிலப் பகுதியில், வயலை ஒட்டிய குடியிருப்புகளில் நடந்த ஆய்வுகள் வண்டு வீடுகளுக்குள் வருவது நெல்லின் அறுவடை, உழவு ஆகியவற்றோடு சேர்ந்து ஏறி இறங்குவதைக் காட்டியிருக்கின்றன. மாடிக் குடியிருப்புகளும் தப்பவில்லை. நம் படுகையில் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அதை ஒட்டியே தொடங்குகிறது. ஈரமும் அறுவடையும் சேரும் அந்த வாரங்களில்தான் அதிகக் கவனம் தேவை. சம்பா, தாளடி அறுவடை நடக்கும் ஜனவரி, பிப்ரவரியிலும் இன்னொரு முறை.

பறக்கும் வண்டை உள்ளே இழுப்பது உங்கள் டியூப்லைட். புற ஊதா ஒளியும் நீல ஒளியும் இதற்குப் பெரும் ஈர்ப்பு. பழைய டியூப்லைட்டும் பாதரச விளக்கும் அதைத் தாராளமாக வீசுகின்றன. எல்இடி டியூப்பில் புற ஊதா ஏறக்குறைய இல்லை; ஆனாலும் வெண்ணிற எல்இடியில் நீலம் நிறைய உண்டு. பெட்டியில் 6500 கே (K) என்று அச்சிட்டிருந்தால் அது அந்த வகை. 2700 கே அல்லது 3000 கே என்றிருப்பது மஞ்சள் வெளிச்சம். அதற்குப் பூச்சிகள் வெகுவாகக் குறையும்.

எங்கள் முதல் கோரிக்கை இதுதான்: வயலைப் பார்த்த தாழ்வாரம், வாசல், கழிவறை வழி, மாடிப்படி ஆகிய இடங்களின் வெள்ளை விளக்குகளை மஞ்சள் எல்இடியாக மாற்றுங்கள். பல்பு விளக்காக இருந்தால் பல்பை மட்டும் மாற்றினால் போதும். பழைய டியூப்லைட் பட்டையில் எல்இடி டியூப் போடுவதற்குப் பொதுவாகச் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் நீக்கி வயரை மாற்ற வேண்டும். அதை மின்பணியாளரே செய்யட்டும். விளக்குக்கு மேலே ஒரு மூடி இருந்து, வெளிச்சம் தரையை மட்டும் பார்க்குமாறு இருந்தால் இன்னும் நல்லது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை வெளிச்சம் வேண்டுமே என்று கேட்பீர்கள். படிக்கும் அறையின் விளக்கை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுமுன் அதன் சன்னல்களை அடைத்துவிட்டால் போதும்.

சிக்கல் எங்கே என்றால், நம் விடுதிகள் பலவற்றில் படிக்கும் கூடமே படுக்கும் கூடம். டியூப்லைட்டுக்கு நேர்கீழே அமர்ந்து படித்துவிட்டு, அதே இடத்தில் பாயை விரிக்கிறார்கள். விளக்கைச் சுற்றிய வண்டுகள் களைத்து விழுவதும் அதே இடத்தில்தான். எனவே இரவுப் பணியில் ஓர் ஒழுங்கு வேண்டும். சூரியன் மறையுமுன் வயல் பக்கத்துச் சன்னல்களையும் கதவுகளையும் மூடிவிடுங்கள். இருட்டிய பிறகான முதல் சில மணி நேரம்தான் வண்டு அதிகம் பறக்கும். படிப்பு முடிந்ததும் கூடத்தின் விளக்கு எரியும்போதே தரையை நீள விளக்குமாற்றால் பெருக்கி, குப்பையை முறத்தில் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் கொட்டுங்கள். அதன் பிறகு பாய். விளக்கின் நேர்கீழேயும் சன்னலை ஒட்டியும் யாரும் படுக்க வேண்டாம். சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளிப் படுக்கட்டும். பாயையும் போர்வையையும் உதறிவிட்டே விரிக்க வேண்டும். பெருக்காமல் பாயை உதறினால் தரையில் கிடந்த வண்டு மீண்டும் பாயில் ஏறும், ஆகவே இந்த வரிசை மாறக் கூடாது. இரவு முழுவதும் எரிய வேண்டிய விளக்கு இருந்தால் அது மஞ்சளாகவும் கூடத்துக்கு வெளியேயும் இருக்கட்டும்.

சன்னல் வலையைப் பற்றி ஒரு சொல். கொசுவலை அடித்திருக்கிறோமே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. இந்த உடலுக்கு வலையின் கிழிசல் தேவையில்லை. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தே போதும், கதவின் அடி இடுக்கும் போதும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையுள்ள நெருக்கமான வலையைப் போட்டு, ஓரங்களைச் சந்தில்லாமல் அடியுங்கள். கதவின் அடியில் ரப்பர் பட்டை வையுங்கள். அது கிடைக்கும் வரை நனைத்துப் பிழிந்த சாக்கைச் சுருட்டி வைத்தாலும் தடுக்கும். படுக்கைக் கொசுவலை இருந்தால் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். கை வலையில் அழுந்தியபடி தூங்கும் பிள்ளைக்கு வண்டு வெளியிலிருந்தே நசுங்கிவிடும் என்பதால் வலை சற்று அகலமாக இருக்க வேண்டும்.

வண்டு அதிகமாக வரும் வாரங்களில் ஓர் ஏமாற்று விளக்கு வைக்கலாம். வளாகத்தின் வயல் பக்க மூலையில், கட்டடத்திலிருந்து 15, 20 மீட்டர் தள்ளி, ஒரு வெள்ளை விளக்கைத் தொங்கவிட்டு, அடியில் அகலமான பேசினில் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றி இரண்டு கரண்டி சோப்புத்தூள் கலந்து வையுங்கள். சோப்பு இல்லாவிட்டால் வண்டு தண்ணீரின்மேல் நடந்து கரையேறிவிடும். சோப்பு இருந்தால் மூழ்கும். விளக்கைக் கட்டடத்துக்கும் பிள்ளைகள் நடமாடும் வழிக்கும் அருகில் வைத்தால் எதிர்விளைவுதான். மின்கம்பி தண்ணீரைத் தொடாதபடி உயரத்தில் கட்டுவது மிக முக்கியம். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் கயிறு கட்டுங்கள். பத்து மணிக்கு மேல் அதை அணைத்துவிடலாம். வயலுக்கு நன்மை செய்யும் மற்றப் பூச்சிகளும் அதில் சாகும் என்பதால் ஆண்டு முழுவதும் இதை எரிக்க வேண்டாம்.

மின்வெட்டின்போது எல்லா ஏற்பாடும் குலைந்துவிடும். புழுக்கம் தாங்காமல் சன்னலைத் திறப்பார்கள்; எமர்ஜென்சி விளக்கையோ செல்போன் வெளிச்சத்தையோ முகத்துக்கு அருகில் வைத்துக்கொள்வார்கள். கண்ணிலும் கழுத்திலும் புண் வர இதைவிட எளிய வழி இல்லை. எமர்ஜென்சி விளக்கை அறையின் ஒரு மூலையில், யாரும் படுக்காத பக்கம் வைக்கச் சொல்லுங்கள்.

மருந்து அடிப்பதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புகார் வந்ததும் முதலில் நடப்பது அதுதான். கூடத்துக்குள் பூச்சிமருந்து தெளித்தால் உள்ளே இருக்கும் வண்டுகள் துடித்துப் பாயிலும் துணியிலும் விழும். நஞ்சு அப்படியே இருக்கும். அடுத்த இரவு வயலிலிருந்து புதிதாக வரும். பிள்ளைகள் படுக்கும் இடத்தில் மருந்து வாடை மட்டும் மிஞ்சும். சன்னல் சட்டத்தின் வெளிப்புறத்தில் பயிற்சி பெற்றவர் அடிக்கும் மருந்து சில நாள் உதவலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்து வயலுக்கு மருந்து அடிக்கச் சொல்லி விவசாயியிடம் போய் நிற்பதை நாங்கள் முற்றாக எதிர்க்கிறோம். புகையானைத் தின்னும் பூச்சிகளை அழித்தால் புகையான் இன்னும் வேகமாகப் பெருகும். அந்த விவசாயியிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அறுவடை இயந்திரம் எந்த நாள் வருகிறது, உழவு எந்த நாள்? அன்று முதல் ஒரு வாரம் மேலே சொன்ன ஒழுங்கை ஓர் இரவுகூடத் தவறாமல் பின்பற்றுங்கள். வைக்கோல் போரைச் சுற்றுச்சுவருக்கு உள்ளே வைக்க இடம் தராதீர்கள். கட்டடத்தைச் சுற்றி இரண்டு, மூன்று மீட்டர் அகலத்துக்குப் புல்லும் தேங்கிய நீரும் இல்லாமல் காயவிடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டியது ஒரே செயல்தான். உடலில் ஏதாவது ஊர்ந்தால் தட்டாதே. ஊது, அல்லது ஒரு தாளை முன்னால் வைத்து அதில் ஏறவிடு. கண்ணாடிக் குப்பியில் அடைத்த ஒரு வண்டைக் காட்டி ஒரு மாலை சொல்லிக் கொடுத்தால் போதும். கொடியில் காய்ந்த துண்டையும் சட்டையையும் உதறிவிட்டே எடுக்க வேண்டும். தாழ்வார விளக்கின் கீழ் கொடி கட்டியிருந்தால் அந்தக் கொடியை இடம் மாற்றுங்கள்.

நசுங்கிவிட்டது என்று தெரிந்தால் அதே நிமிடத்தில் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு இரண்டு, மூன்று முறை கழுவ வேண்டும். நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. நசுக்கிய கையையும் கழுவ வேண்டும். கழுவும் வரை கண்ணையும் பிறப்புறுப்பையும் தொடக் கூடாது. அணிந்திருந்த சட்டையையும் தலையணை உறையையும் துவைக்கப் போடுங்கள். கழுவும் இடத்தில் எந்நேரமும் சோப்பு இருப்பது காப்பாளரின் பொறுப்பு. சோப்பைப் பூட்டிவைக்கும் விடுதிகளில் இந்த ஒன்றே பெரிய மாற்றம் தரும்.

புண் வந்துவிட்டால் சுத்தமான குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள், நாளுக்கு மூன்று, நான்கு முறை. கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுண்ணாம்பு, பற்பசை, மண்ணெண்ணெய், நீர் கலக்காத டெட்டால் எல்லாம் ஏற்கெனவே வெந்த தோலை இன்னும் புண்ணாக்கும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மருத்துவர் பொதுவாக ஒரு ஸ்டீராய்டு களிம்பைச் சில நாளுக்கும், அரிப்பு இருந்தால் அதற்கான மாத்திரையையும், கிருமி ஏறியிருந்தால் மட்டும் ஆன்டிபயாடிக்கும் தருவார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைக்கும், ஸ்டீராய்டும் படர்தாமரைக்கான மருந்தும் கலந்த களிம்பை முகத்தில் போட விடாதீர்கள். மெல்லிய தோலை அது நிரந்தரமாகக் கெடுத்துவிடலாம்.

அக்கியிலிருந்து இதைப் பிரித்தறிவது கடினமல்ல. அக்கியில் பெரும்பாலும் கொப்புளத்துக்கு முன்பே ஓரிரு நாள் வலி இருக்கும், உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொத்துக் கொத்தாக எழும், நடுக்கோட்டைத் தாண்டாது. வண்டுப் புண் திறந்த தோலில், எந்தப் பக்கத்திலும், கோடாகவோ திட்டாகவோ வரும். ஒரே வாரத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு அக்கி வருவதில்லை. சிரங்கு என்று நினைத்து விடுதி முழுவதற்கும் சிரங்கு மருந்து பூசுவதும் வீண். சிரங்கு இரவில் அரிக்கும், விரலிடுக்கில் தொடங்கும், கோடாக எரியாது. சம்பாவுக்குப் பிறகு உளுந்து பூக்கும் பருவத்தில் வேறொரு வண்டும் உண்டு: கறுப்பில் செம்மஞ்சள் பட்டை கொண்ட, கட்டை விரல் நகத்தைவிடப் பெரிய கொப்புள வண்டு. அதன் நஞ்சு வேறு. தெளிந்த நீர் கோத்த பெரிய கொப்புளம் எழுப்பும், எரிச்சல் குறைவு. முதலுதவி ஒன்றே, கழுவுவது.

கோடாக விழுந்த புண்ணைப் பார்த்து, பிரம்பால் அடித்தார்கள், சூடு வைத்தார்கள் என்ற ஐயமும் எழக்கூடும். அந்த ஐயத்தை நீங்களாகவே தள்ளிவிடாதீர்கள். மருத்துவர் பார்த்து எழுதித் தரட்டும். பிள்ளையிடம் தனியாகக் கேட்கட்டும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை: கண் சிவந்து வீங்குவது, கண் கூசுவது, காய்ச்சல், புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவிக்கொண்டே போவது, உடலில் பல இடங்களில் ஒரே நேரத்தில் புண். கண்ணில் பட்டிருந்தால் முதலில் சுத்தமான தண்ணீரையோ சலைனையோ ஊற்றி 15 நிமிடம் கழுவுங்கள், பிறகு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்து எதுவும் வேண்டாம்.

விடுதிகளில் இது புதிதல்ல. 2022 ஜூலையில் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரியில் நூறு மாணவர்கள் அளவில் பாதிக்கப்பட்டபோது நாடு முழுவதும் செய்தி வந்தது. இலங்கையில் ஒரு புறநகர் மருத்துவமனையில் ஏற்பட்ட பரவலைப் பற்றி 1997-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். விளக்கு எரியும் கட்டடம், பக்கத்தில் ஈர நிலம், உள்ளே சேர்ந்து உறங்கும் மனிதர்கள்: இவை கூடும் இடத்தில் இது வரும்.

மாவட்ட நல அலுவலர்களிடம் நாங்கள் கேட்பது: ஆகஸ்ட் முடிவதற்குள் வயலை ஒட்டிய விடுதிகளின் பட்டியலைத் தயாரித்து, விளக்கு மாற்றவும் சன்னல் வலை அடிக்கவும் பொதுப்பணித் துறைக்கு மதிப்பீடு கேட்டு எழுதுங்கள். சிறு பழுதுக்கான நிதியிலிருந்து காப்பாளரே பல்பு வாங்க அனுமதி கொடுங்கள். பத்து பல்புக்காகக் கோப்பு மூன்று மேசை ஏறி இறங்கினால் அறுவடை முடிந்துவிடும். காப்பாளர்களிடம் கேட்பது: ஒரே வாரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் இத்தகைய புண் வந்தால், பெயர், தேதி, புண் இருக்கும் இடம், படுத்திருந்த இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் கொடுங்கள். படுத்த இடத்தைக் குறித்தாலே எந்த விளக்கு, எந்தச் சன்னல் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அன்று மாலையே அதைச் சரிசெய்யலாம்.

இப்படிக்கு,
தோல் மருத்துவத்திலும் பயிர்ப் பூச்சியியலிலும் பணியாற்றும் சிலர்